மேல் ஷட்ஜத்தின் புள்ளி: இசைத்தாள் வாசிக்கும் மென்பொருளில் உழைக்கும் தமிழ் நிரலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். காரைக்குடியில் பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டும் வீணையும் சொல்லிக்கொடுத்து வருகிறேன். சென்ற மாதம் என் மாணவியின் ஆச்சி, வளவு வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் இருந்த மரப்பெட்டியைத் திறந்து, அட்டை போன ஒரு சுரதாளப் புத்தகத்தை (பாடல்களின் சுரமும் தாளமும் எழுதிய நூல்) எடுத்துக் கொடுத்தார். கானாடுகாத்தான் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முன்னின்ற தமிழிசை இயக்கத்தின் பயனாக, 1940களில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தமிழ்ப் பாடல்களைச் சுரதாளக் குறிப்போடு தொகுதிகளாக அச்சிட்டது. அந்த வழியில் வந்த நூல்தான் இதுவும்.

பக்கங்களை ஸ்கேன் செய்து, மேற்கத்திய இசைத்தாளை நன்றாகவே வாசிக்கும் ஒரு மென்பொருளில் இட்டேன். கோடுகளே இல்லை என்று நின்றுவிட்டது. அதன்மேல் குற்றமில்லை, ஐந்து கோடுகளை முதலில் கண்டறிந்து, குறி எந்தக் கோட்டில் அமர்ந்திருக்கிறது என்பதைக்கொண்டு சுரத்தை அறிவதே அதன் வழி. நம் தாளிலோ ச, ரி, க, ம, ப, த, நி என்ற எழுத்தே சுரம். பிறகு தமிழ் எழுத்துணரியில் இட்டேன். மேல் ஷட்ஜத்தை (மேல் ஸ்தாயியில், அதாவது அடுத்த ஏழு சுர அடுக்கில், வரும் ‘ச’வை) காட்டத் தலைமேல் புள்ளி வைத்த ‘ச’வை அது ‘ச்’ என்று மெய்யெழுத்தாக்கியது. தமிழ் படித்த இயந்திரம் வேறெப்படிப் படிக்கும்? மந்த்ர ஸ்தாயியின், அதாவது கீழ் அடுக்கின், ‘நி’க்கு இட்ட கீழ்ப்புள்ளியைத் தூசி என்று துடைத்துவிட்டதால், ஷட்ஜத்திற்குக் கீழே இறங்கவேண்டிய இடம் ஒரு ஸ்தாயி மேலே தாவிவிட்டது. இரண்டாம் காலத்திற்கு, அதாவது இரட்டை வேகத்திற்கு, சுரங்களின் தலைமேல் இழுத்திருந்த கோட்டையும் காணவில்லை.

இந்தப் பிழைகளில் ஒரு பகுதியைப் பிடிக்கும் வழி தாளிலேயே இருக்கிறது. ஆதி தாளத்தின் ஒரு சுற்று, அதாவது ஓர் ஆவர்த்தனம், நான்கு, இரண்டு, இரண்டு என எட்டு அட்சரம் (தாள எண்ணிக்கை). காற்புள்ளி ஒரு சுர அளவு, அரைப்புள்ளி இரண்டு. கூட்டிப் பார்த்துக் கணக்கு உதைத்தால், அந்த இடத்தை மென்பொருள் தானாகத் திருத்தாமல் சிவப்பில் காட்டி மனிதரிடம் விடட்டும். ஐந்தொகை என்னும் வரவு செலவுக் கணக்கு சரிவராமல் பெட்டியடியை, அதாவது கடையின் பண மேசையை, பூட்டாத ஊர்க்காரன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். ஸ்தாயிப் புள்ளியை மட்டும் இந்தக் கணக்கு காட்டிக்கொடுக்காது. அதற்குக் கண்தான் வேண்டும்.

பாடலின் தலைப்பிலுள்ள இராகப் பெயரையும் அது படித்தாக வேண்டும். ‘ரி’ (ரிஷபம்) என்ற ஓர் எழுத்து மாயாமாளவகௌளை இராகத்தில் தாழ்ந்த சுத்த ரிஷபம், சங்கராபரண இராகத்தில் அதைவிட உயர்ந்த சதுச்ருதி ரிஷபம். தலைப்பை விட்டுவிட்டு ஒலிக்கவைத்தால் பாட்டே வேறாகிவிடும்.

கமகம், அதாவது சுரத்தை அசைத்துப் பாடுவது, தனிக் கதை. 1904இல் சுப்பராம தீட்சிதர் வெளியிட்ட பெருநூலில் கமகங்களுக்கும் குறிகள் உண்டு. என் கையிலுள்ள நூலில் அவை இல்லை. தாளில் இல்லாத அசைவை மென்பொருள் தானாகச் சேர்க்கவேண்டாம். சுரம் மொட்டையாகவே ஒலிக்கட்டும். அசைவை வகுப்பில் நான் பாடிக் காட்டிக்கொள்கிறேன்.

சரிபார்ப்பதற்காக, இந்நூலின் பத்துப் பக்கங்களைப் புள்ளி, கோடு தவறாமல் கையால் தட்டச்சு செய்து, ஸ்கேன் படங்களோடு வைத்திருக்கிறேன், கேட்போருக்குத் தருவேன். தைப்பைப் பிரித்து ஸ்கேன் செய்ய மட்டும் கேட்காதீர்கள். தாள் தொட்டாலே உதிர்கிறது, புத்தகமும் ஆச்சியிடம் திரும்பவேண்டும். நடுவே வளைந்த வரிகளோடுதான் படம் கிடைக்கும்.

இப்படிக்கு,
காரைக்குடி இசை ஆசிரியன் ஒருவன்