மேலூர் தாண்டியதும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நலம். அம்மாவுக்கு முழங்கால் அப்படியேதான். அழகர் ஆற்றில் இறங்கியதை இந்த வருஷம் டிவியில்தான் பார்த்தாள். நீ வந்திருந்தால் கையைப் பிடித்துக்கொண்டாவது போயிருப்பாள். சரி, லீவு இல்லை என்றாய், நம்புகிறோம்.

காலையில் சாப்பிட்டுவிட்டு ஆபீஸ் போ. பொங்கலுக்கு வந்தபோது இரண்டு வாய்க்கு மேல் உனக்கு இறங்கவில்லை. ராத்திரி 2 மணிக்கு மொட்டை மாடியில் நடந்துகொண்டிருந்தாய். கட்டைவிரல் நகத்தை ரத்தம் வரக் கடித்து வைத்திருந்தாய். நான் ஒன்றும் கேட்கவில்லை. வேலையில் நல்ல பெயர் எடுத்திருக்கிறாய், தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டுதான் திரிகிறேன். அதற்காக அப்பா மெசேஜுக்கெல்லாம் ‘ம்’ என்று ஒற்றை எழுத்தா?

எதிர்வீட்டுப் பையன் காலேஜ் கிளம்பும் நேரத்தில் வயிற்றுவலி, தலைவலி என்கிறான். கேட்டால் எரிந்து விழுகிறான். சோம்பேறி என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மனசு சரியில்லாதவர்கள் பேச 14416 என்று அரசாங்க நம்பர் இருக்கிறது. டெலி மானஸ், 2022-ல் ஆரம்பித்தது. காசு கிடையாது, ராத்திரியிலும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். அவனுக்காகக் குறித்து வைத்தேன்.

அவனுக்காக இல்லை பாப்பா.

பிளஸ் டூ பரீட்சை அன்று வாசலில் வாந்தி எடுத்தாய். ‘நடிக்காதே’ என்று ஸ்கூட்டரில் ஏற்றினேன். வழி முழுக்க என் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தாய், கை சில்லிட்டிருந்தது. அது என்னவென்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்.

எனக்கு கேஸ் என்று வீடே ஓமத் தண்ணீர் கொடுத்ததே, அது கேஸ் இல்லை. திருச்சி மீட்டிங்குக்குப் போன பஸ்ஸில் நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, செத்தேன் என்று நினைத்து மேலூரிலேயே இறங்கிவிட்டேன். ஈசிஜியில் ஒன்றுமில்லை. ‘இது பதற்றம். சில நிமிஷத்தில் உச்சிக்கு ஏறித் தானே இறங்கும். பயந்து பஸ்ஸை விட்டீர்கள் என்றால் பயம்தான் வளரும், மனநல டாக்டரைப் பாருங்கள்’ என்று சீட்டு எழுதிக் கொடுத்தார் டாக்டர். ரேஷன் கார்டு உறைக்குள் மடித்து வைத்தவன்தான். டாக்டரிடமும் போகவில்லை, பஸ்ஸையும் விட்டேன். உன் பட்டமளிப்புக்குத் திருச்சிக்கு வராததற்குக் காரணம் ஆடிட் இல்லை.

நேற்று அந்தச் சீட்டை எடுத்தேன். மடிப்பில் கிழிந்துபோயிருக்கிறது.

காலையில் சாப்பிடு. காபியைக் குறை, அதுவும் படபடப்பைக் கூட்டும்.

வெள்ளிக்கிழமை ராத்திரி மாட்டுத்தாவணியில் 9 மணி பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன். மேலூர் தாண்டியதும் போன் செய்வேன். எடு.

அப்பா