அசையாத தசையெல்லாம் இறந்த தசை அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

மாரடைப்புக்குப் பிறகு எக்கோ எடுத்து, ‘இதயத்தில் இந்தப் பகுதி வேலை செய்யவில்லை’ என்று சொன்னதும், அந்தத் தசை செத்துவிட்டது என்றே குடும்பத்தினர் முடிவுகட்டிவிடுகிறார்கள். என் அப்பாவுக்கு அப்படிச் சொன்னபோது நாங்களும் இடிந்துபோனோம். ரத்த ஓட்டம் குறைந்ததால் துடிப்பைச் சுருக்கிக்கொண்டு, உயிரோடு காத்திருக்கும் தசையும் உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது.

இரண்டையும் பிரித்தறியக் கத்தி வேண்டாம். பெட் ஸ்கேனில் தசை குளுக்கோஸை உறிஞ்சினால் அதில் உயிர் இருக்கிறது. இதயத் துடிப்பைத் தூண்டும் டோபுடமின் மருந்தைக் குறைந்த அளவில் ஏற்றியபடி எக்கோ பார்த்தால், உறங்கும் தசை மெல்லச் சுருங்கத் தொடங்கும். எம்ஆர்ஐயில், ஊசியாகச் செலுத்தும் கடோலினியம் என்ற சாயம் தங்கும் இடம் தழும்பு, அதாவது இறந்த தசை. அது சுவரின் தடிமனில் பாதிக்கு மேல் பரவியிருந்தால் அந்தப் பகுதி மீளும் வாய்ப்பு குறைவு.

ஆனால், ‘தசைக்கு உயிர் இருக்கிறது, உடனே ஸ்டென்ட் வைப்போம்’ என்பதும் அவசரம்தான். 2022இல் வெளியான ரிவைவ்டு ஆய்வில் இருந்த 700 பேருக்கும் இதயத்தின் பம்ப் திறன் 35 சதவீதமோ அதற்குக் கீழோதான். உயிருள்ள தசையும் உறுதிசெய்யப்பட்டிருந்தது. மருந்து மட்டும் பெற்றவர்களோடு ஒப்பிட்டால், மருந்தோடு ஸ்டென்டும் வைத்தவர்களுக்கு மரணமோ, இதயச் செயலிழப்பால் மருத்துவமனையில் சேர்வதோ குறையவில்லை. பைபாஸ் கதை வேறு. பைபாஸோடு மருந்தையும், மருந்தை மட்டும் ஒப்பிட்ட ஸ்டிச் ஆய்வில் 10 ஆண்டுகளில் அது இறப்பைக் குறைத்தது. ஆனால் யாருக்குப் பலன் என்பதை, தசையில் உயிர் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனைகள் அங்கே பிரித்துக் காட்டவில்லை.

ரிப்போர்ட்டைக் கையில் கொடுக்கும்போதே, அதனால் சிகிச்சை எப்படி மாறும் என்பதையும் மருத்துவர்கள் உட்காரவைத்து விளக்க வேண்டும். எங்களுக்கு யாரும் விளக்கவில்லை.

– ஒரு வாசகர்