ராஜ் மந்திரை வாசலோடு பார்த்துத் திரும்ப வேண்டாம், அத்தை

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். உங்கள் ஜெய்ப்பூர் பயணத் திட்டத்தைப் படித்தேன். ஆமேர் கோட்டைக்கும் ஹவா மஹாலுக்கும் ஜந்தர் மந்தருக்கும் வேண்டிய நேரத்தை ஒதுக்கியிருக்கும் சுற்றுலாக்காரர், ராஜ் மந்திர் திரையரங்குக்கு மட்டும் 'வெளியிலிருந்து பார்வையிடல்' என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிட்டார். அதை மாற்றச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அங்கே போகும் சென்னைக்காரர்கள் பலருக்கும் இதே ஏற்பாடுதான் செய்யப்படுகிறது என்பதால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

வெளியிலிருந்து பார்த்தால் அந்தக் கட்டடம் உங்களுக்கு ஏமாற்றமாகவே இருக்கும். கேக்கின் மேல் பிழிந்த க்ரீமைப் போல வளைந்து நெளிந்த ஒரு முகப்பு, அதில் நவரத்தினங்களைக் குறிக்கும் ஒன்பது நட்சத்திரங்கள், அவ்வளவுதான். 1966இல் அப்போதைய ராஜஸ்தான் முதலமைச்சர் மோகன்லால் சுகாடியா அடிக்கல் நாட்டினார். திறப்பு விழா காண 1976 ஆயிற்று. வடிவமைத்த டபிள்யூ. எம். நாம்ஜோஷி, பம்பாய் லிபர்ட்டி திரையரங்கின் உள் அலங்காரத்தைச் செய்தவர். மேலை நாடுகளில் 1930களில் செல்வாக்குப் பெற்றிருந்த, வளைவுகளை விரும்பும் ஆர்ட் மாடர்ன் பாணியை, அது அங்கே பழசாகிப்போன காலத்தில் அவர் இங்கே கையாண்டிருக்கிறார். அரண்மனைகள் மலிந்த ஊரில் இன்னோர் அரண்மனையைப் பார்த்து வரையாமல் விட்டாரே, அதுவே நல்ல முடிவு என்பேன்.

அவருடைய திறமை முழுவதும் கதவுக்கு உள்ளே இருக்கிறது. சீட்டைக் காட்டி நுழைந்ததும் சரவிளக்குகள் தொங்கும் உயரமான கூடம், மாடிக்கு வளைந்து ஏறும் படிக்கட்டு, காலுக்குக் கீழே கம்பளம். இவ்வளவு பெரிய முன்கூடம் எதற்கு என்று கேட்கத் தோன்றும். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அமரும் அரங்கில் ஒரு காட்சி முடிந்து கூட்டம் வெளியேறும் வரையில் அடுத்த காட்சிக்கான கூட்டம் எங்கேயாவது காத்திருந்தே ஆக வேண்டும். அவர்களைத் தெருவில் வெயிலில் வரிசையாக நிறுத்தலாம், அல்லது காத்திருக்கும் நேரமே கொடுத்த காசுக்குப் பாதி என்று நினைக்கும்படி செய்யலாம். பழைய திரை மாளிகைகளைக் கட்டியவர்கள் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். அதே ஊரில் 1799இல் எழுந்த ஹவா மஹாலை நினைத்துப் பாருங்கள்: அரச குடும்பத்துப் பெண்கள் யார் கண்ணிலும் படாமல் தெருவைப் பார்ப்பதற்காக 953 பலகணிகள். ராஜ் மந்திரின் படிக்கட்டோ, குடும்பத்தோடு வந்த கடைக்காரரும் அவர் மனைவியும் நிதானமாக இறங்கி வர, கீழே நிற்பவர்கள் அவர்களைப் பார்க்கும்படி அமைந்தது. இடைவேளையில் அந்தப் படிக்கட்டின் அடியில் சிறிது நேரம் நின்றாலே இது விளங்கிவிடும். ஆளில்லாத நேரத்தில் உள்ளே விட்டுச் சுற்றிக் காட்டினாலும்கூட விளங்காது. (சரவிளக்குகள் கொஞ்சம் அதிகம் என்பது என் கருத்து; உங்களுக்குப் பிடிக்கும்.)

அரங்கினுள் சுவர்கள் அலை அலையாக வளைந்து செல்லும். விளக்குகள் கண்ணில் படாதபடி மறைத்து வைக்கப்பட்டிருப்பதால், வெளிச்சம் சுவரிலிருந்தே கசிவது போலத் தெரியும். ஆகவே கடைசி நிமிடத்தில் ஓடிப் போய் இருட்டில் இடம் தேடாதீர்கள். விளக்கு அணைவதற்கு வெகு முன்பே போய் அமர்ந்துவிடுங்கள்.

இருக்கை வகுப்புகளின் பெயர்களைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். நம் ஊர்க் கொட்டகைகளில் தரை, பெஞ்சு, சோபா என்று உட்காரும் பொருளைச் சொல்லியே மனிதர்களைப் பிரித்தார்கள். நகைக்கற்களுக்குப் பேர்போன ஜெய்ப்பூரில் முத்து, மாணிக்கம், மரகதம், வைரம் என்று வைத்திருக்கிறார்கள். சென்னையிலும் அந்த மோகம் இருந்ததை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள். 1964இல் அண்ணா சாலையில் திறக்கப்பட்ட சஃபையர் வளாகத்தின் மூன்று அரங்குகளுக்கும் சஃபையர், ப்ளூ டைமண்ட், எமரால்டு என்று இரத்தினங்களின் பெயர்கள்தாமே? ப்ளூ டைமண்டில் தொடர்காட்சி முறை என்பதால் படத்தின் நடுவில் நுழைந்து, விட்ட பகுதியை அடுத்த சுற்றில் பார்த்துவிட்டு வருவீர்களாம், அப்பா சொல்லியிருக்கிறார். அந்த வளாகம் 1994இல் மூடப்பட்டது. இன்று யாராவது ஆசைப்பட்டாலும் அதைப் பார்க்க வழியில்லை.

கட்டடம் தப்பியும் படம் போய்விட்ட இடம் ஒன்றும் நம்மிடம் இருக்கிறது. அண்ணா சாலை தலைமை அஞ்சலக வளாகத்தில் தபால்தலைச் சேகரிப்பாளர்களுக்கான பிரிவு இயங்கும் பழைய கட்டடம், 1913இல் வார்விக் மேஜர் என்பவர் கட்டிய எலெக்ட்ரிக் தியேட்டர். இரண்டே ஆண்டுகளில் படக்காட்சி நின்று அது அஞ்சல் துறையின் கைக்கு வந்தது. இடிக்காமல் வைத்திருப்பதற்கு நன்றி சொல்ல வேண்டியதுதான். ஆனால் அங்கே போய் நின்றால் தபால்தலையைத்தான் பார்க்க முடியும்; கூட்டம் ஒன்றாகச் சேர்ந்து இருட்டில் அமர்ந்த இடம் அது என்பதைச் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ராஜ் மந்திரில் அந்தக் கூட்டம் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. அதனுடன் சேர்ந்து உட்காராமல் முகப்பைப் படமெடுத்துக்கொண்டு திரும்புவது, கச்சேரிக்குப் போகாமல் சபாவின் பெயர்ப் பலகையைப் பார்த்துவிட்டு வருவதாகிவிடும்.

இந்தி தெரியாதே என்று தயங்க வேண்டாம். மினர்வாவிலும் கேசினோவிலும் ஆங்கிலப் படம் பார்த்த சென்னைவாசிகள் எல்லோரும் ஆங்கிலம் கற்றா போனார்கள்? எந்தப் படம் ஓடுகிறது என்றுகூடப் பார்க்காதீர்கள். கதை புரியாத இடங்களில் கூரையைப் பார்க்கலாம், அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று பார்க்கலாம்.

சுற்றுலாக்காரரிடம் துணிக்கடைக்கு ஒதுக்கிய மாலையை இதற்கு மாற்றித் தரச் சொல்லுங்கள்; அவர் முணுமுணுப்பார், கடைக்காரர் தரும் கமிஷன் போய்விடுமே. குழுவோடு போகிறீர்கள் என்பதால் சீட்டுகளை முன்னதாகவே பதிவு செய்துவிடுவது நல்லது. ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்க்காதீர்கள், கூட்டம் இருந்தால்தான் அழகு. முத்து வகுப்பு மலிவு என்று சித்தப்பா சொல்லக் கேட்டு முன்வரிசையில் மட்டும் வாங்கிவிடாதீர்கள். உங்கள் கழுத்து வலிக்கு அது ஆகாது.

அன்புடன்,
உங்கள் மருமகள்