காலி செய் என்றபோது எங்களுடன் நின்றவர்களுக்கு

அக்ரிமெண்ட் கையெழுத்தாகிவிட்டது. இன்னும் இரண்டு வருடம் இதே வீடுதான். வாடகை ஏறியிருக்கிறது, ஆனால் கட்டிவிடலாம். ஒவ்வொருவர் கதவையும் தட்டி நன்றி சொல்வதுதான் முறை, ஆனால் உங்களில் சிலர் இப்போது இந்தப் பக்கமே இல்லை, அதனால் எல்லோருக்குமாகப் பொதுவில் எழுதுகிறேன்.

முதலில் மேல்மாடி அக்காவுக்கு. நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தபோது, "இது வீட்டுக்காரர் எழுதின கடிதம், கோர்ட் உத்தரவு இல்லை, எதிலும் கையெழுத்துப் போடாதே" என்று சொன்னீர்களே, அன்று ராத்திரி தூங்கினேன் என்றால் அதனால்தான். அப்புறம் அவர் வாடகையை வாங்க மறுத்தபோது, கட்டாமல் விட்டால் பாக்கி என்று சொல்லியே வெளியேற்றப் பார்ப்பார்கள் என்று மாதம் தவறாமல் வங்கி வழியாக அனுப்ப வைத்தீர்கள். வருடக்கணக்கில் ரசீதுகளைச் சேர்த்து வைக்கும் உங்கள் பழக்கத்தைக் கட்டடமே கிண்டல் செய்தது உங்களுக்கும் தெரியும். இப்போது எல்லோரும் ஃபைல் வாங்கி வைத்திருக்கிறார்கள்.

ஆராய்ச்சி மாணவரான கீழ்வீட்டுத் தம்பிக்கு அடுத்து. லிஃப்ட் நின்று போனது, குழாய் ஒழுகியது, சுவர் ஊறியது, எதற்கும் ஆள் வரவில்லை. அதை வெறும் கஞ்சத்தனம் என்றுதான் நாங்கள் பேசிக்கொண்டோம். நீல் ஸ்மித் என்ற புவியியல் அறிஞர் 1979இல் எழுதிய கட்டுரையை வைத்து நீ விளக்கினாய்: ஒரு மனை இன்று தரும் வருமானத்துக்கும், அதே மனை வேறு விதமாகப் பயன்பட்டால் தரக்கூடிய வருமானத்துக்கும் இடைவெளி விரிந்துகொண்டே போகும், கட்டடத்துக்குச் செலவு செய்வது உரிமையாளருக்கு வீண் என்று தோன்றும், ஒரு கட்டத்தில் காலி செய்து புதுப்பிப்பதுதான் லாபம் என்றாகிவிடும். நம் தெருவில் நடப்பது எனக்கு அன்றைக்குத்தான் முழுதாகப் புரிந்தது. அதற்குப் பிறகு யாரும் போனில் கெஞ்சவில்லை. ஒவ்வொரு பழுதையும் தேதி போட்டு, படம் எடுத்து, எழுத்தில் அனுப்பினோம். "கட்டடம் மோசமாகிவிட்டது, எல்லோரும் வெளியேற வேண்டும்" என்று வீட்டுக்காரர் தரப்பு சொல்ல ஆரம்பித்தபோது அந்தக் கடிதங்கள்தான் மேஜைமேல் கிடந்தன.

காசு வாங்காமல் வந்த வக்கீல் அம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. நம்பிக்கை கொடுத்ததைவிட, நம்பிக்கையை அளந்து கொடுத்தீர்கள், அதுதான் பெரிது. வீட்டுக்காரர் கேட்கும் வாடகைக்கும் பழைய வாடகைக்கும் உள்ள வித்தியாசத்தைத் தனியாக எடுத்து வையுங்கள், தீர்வு வரும்வரை தொடாதீர்கள் என்றீர்கள். ஏன் என்பதற்கு ஜெர்மனியில் நடந்ததைச் சொன்னீர்கள்: பெர்லினில் 2020இல் வாடகைக்கு உச்சவரம்பு வைத்த சட்டத்தை 2021 ஏப்ரலில் அந்த நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிட்டது, பெர்லின் மாநில அரசுக்கு அந்த அதிகாரமே இல்லை என்று. குறைத்துக் கட்டியவர்களில் பலர் பாக்கியைத் திருப்பிக் கட்ட வேண்டியிருந்தது. அதைக் கேட்ட பிறகு அந்தப் பணத்தில் கை வைக்க யாருக்குத் துணிச்சல் வரும்?

எழுதக் கொஞ்சம் சங்கடமாக இருக்கிற நன்றி, மூன்றாம் மாடிக்குப் புதிதாக வந்த தம்பதிக்கு. உங்களைப் போன்றவர்கள் வந்துதான் வாடகை ஏறுகிறது என்று படிக்கட்டில் பேசிக்கொண்டது உங்கள் காதிலும் விழுந்திருக்கும். அது முழுப் பொய்யும் இல்லை. அதிகம் கொடுக்க ஆள் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் எங்களுக்கு நோட்டீஸ் வந்தது. ஆனால் ஆளை வரவழைப்பதும் விலை வைப்பதும் நீங்கள் இல்லையே. கூட்டத்துக்கு நீங்களாகவே வந்து உங்கள் அக்ரிமெண்டைக் காட்டினீர்கள்: அதே அளவு வீடு, கிட்டத்தட்ட இரட்டை வாடகை. எங்களை எதற்காகத் துரத்துகிறார்கள் என்பதற்கு அதைவிடத் தெளிவான காகிதம் எங்களிடம் இருக்கவில்லை. உங்களுக்கு அதில் ஒரு பைசா ஆதாயம் கிடையாது, வீட்டுக்காரரின் கோபம் மட்டும்தான் மிச்சம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயா ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துக் கதை சொன்ன கூட்டத்தை மறக்கவே முடியாது. முதல் உலகப் போர் சமயம், ஆயுத ஆலைகளுக்கு ஆட்கள் வந்து குவிய, வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றுகிறார்கள். 1915இல் மேரி பார்பர் போன்ற பெண்கள் முன்னால் நின்று, ஏற்றிய வாடகையைக் கட்ட மாட்டோம் என்கிறார்கள். காலி செய்ய வைக்க அதிகாரி வந்தால் மணியடிப்பார்கள், தெருப் பெண்கள் எல்லாம் ஓடி வந்து வழியை அடைத்து நிற்பார்கள். அந்த வருடம் முடிவதற்குள் வாடகையைப் போருக்கு முந்தைய அளவில் நிறுத்தும் சட்டத்தை பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்தது. சரி, எங்களிடம் மணி இல்லை, வாட்ஸ்அப் குழுதான் இருந்தது, அதுவும் காலை வணக்கப் படங்களுக்கு நடுவில். இருந்தாலும் ஆள் வந்து அளவெடுக்கிறார் என்று ஒரு செய்தி போட்டால் படிக்கட்டு நிறைந்துவிடும். சும்மா நிற்பார்கள், ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். அந்த மனிதர் டேப்பைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார்.

தரைத்தளத்துக் குடும்பத்துக்கும் நன்றி. வீட்டுக்காரர் கொடுத்த பணத்தை வாங்கிக்கொண்டு நீங்கள் போனதை யாராவது விட்டுக்கொடுத்துவிட்டதாகப் பேசினால் எனக்குக் கோபம் வருகிறது. படுக்கையில் நோயாளியை வைத்துக்கொண்டு எத்தனை மாதம் ஒழுகும் வீட்டில் போராட முடியும்? போகும்போதுகூட உங்களுக்கு வந்த கடிதங்களை நகலெடுத்து எங்களிடம் கொடுத்துவிட்டுத்தான் போனீர்கள். பாட்டியை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

பின்கட்டில் சில வீடுகளுக்கு அடுத்த மாதம் அக்ரிமெண்ட் முடிகிறது. நோட்டீஸ் வந்தாலும் வராவிட்டாலும் ரசீதுகளை எடுத்துக்கொண்டு ஞாயிறு சாயங்காலம் மேல்மாடிக்கு வாருங்கள், அக்காவும் நானும் இருப்போம். வக்கீல் அம்மாவிடமும் நேரம் கேட்டாயிற்று.