எடை போடுவதற்கு முன் ஒரு வாரம்

வடசென்னையில் பழைய திரையரங்குகளை வைத்திருக்கும் உரிமையாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் தெருமுனைத் திரையரங்கைப் போன மாதம் இடித்தது உங்களுக்குத் தெரியும். பெயரை எழுதி யாரையும் சங்கடப்படுத்த விரும்பவில்லை. இடித்ததிலும் எனக்குப் புகார் இல்லை. இருபது பேருக்காக எத்தனை நாள்தான் காட்சி ஓட்டுவீர்கள்? என் கோரிக்கை ஒன்றே ஒன்று: உள்ளே இருக்கும் பொருட்களைக் காயலான் கடைக்கு எடை போடுவதற்கு முன், வாங்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள்.

நான் கேட்டது ஒரு தகரப் பலகை. ‘அரங்கு நிறைந்தது’ என்று சிவப்பில் எழுதி, வாசல் கம்பிக்கதவில் சங்கிலியால் மாட்டுவார்களே, அதுதான். அப்பா அங்கே படம் ஓட்டும் ஆபரேட்டர். புரொஜெக்டர் வெளிச்சத்துக்குக் கார்பன் குச்சி எரியும் புகையில் இருபத்தாறு வருடம் நின்றவர். பலகை மாட்டிய நாட்களில் மட்டும் இரண்டாம் ஆட்டம் முடிந்து வரும்போது பரோட்டாப் பொட்டலம் வாங்கி வருவார். பள்ளி விட்டால் நான் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு நடப்பேன். மற்றவர்களுக்கு அது துருப்பிடித்த தகரம். எனக்குச் சால்னா வாசனை.

மேனேஜரிடம் கேட்டேன். “பார்க்கலாம்” என்றார். பணம் தருகிறேன் என்றேன். “இந்தத் தகரத்துக்கா?” என்று சிரித்தார். மூன்றாம் நாள் போனபோது லாரி புறப்பட்டுப் போயிருந்தது. மூலக்கொத்தளம் பக்கம் நான்காவது காயலான் கடையில் பலகை கிடைத்தது. பாதிதான். ‘அரங்கு’ இருந்தது; ‘நிறைந்தது’ என்ற பாதியை யாரோ கோழிக்கூண்டுக்குக் கூரை போட வெட்டி வாங்கிப் போய்விட்டாராம். இருந்ததற்கு எழுபது ரூபாய் கொடுத்தேன்.

1939-இல் வந்த ஒரு ஹாலிவுட் படத்துக்காகச் செய்த, நடிகை ஜூடி கார்லண்டின் சிவப்புக் காலணி ஜோடி ஒன்று 2024 டிசம்பரில் ஏலக் கட்டணமும் சேர்த்து 3.25 கோடி டாலருக்குப் போனது. அதே ஜோடியை 2005-இல் ஒருவர் அருங்காட்சியகத்திலிருந்து திருடினார், பதித்திருப்பது மாணிக்கம் என்று நம்பி. வெறும் கண்ணாடி என்று தெரிந்ததும் கைகழுவிவிட்டார். அவர் கணக்கும் தராசுக் கணக்கும் ஒன்றுதான். (உங்களைத் திருடர் என்று சொல்லவில்லை, மன்னிக்கவும்.)

கோடம்பாக்கத்தில் படம் எடுத்தார்கள். விசிலடித்து ஓடவைத்தது நாங்கள். முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931-இல் திரைக்கு வந்ததே இந்தப் பக்கத்துக் கினிமா சென்ட்ரல் திரையரங்கில்தான். அதன் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை. படத்தையே தொலைத்த ஊரில் பலகையைத் தேடுகிறானே என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் அண்ணா நகரில் ஓர் உணவகம், நேற்று அச்சடித்த சுவரொட்டிக்குக் கறை பூசி மாட்டிவைத்து, காபிக்கு இருநூறு ரூபாய் வாங்குகிறது. அசலைக் கிலோவுக்கு விற்றுவிட்டு, நகலின் நிழலில் காபி குடிக்கும் சாமர்த்தியம் நமக்கு மட்டுமே வரும்!

கோபத்தில் எங்கோ போய்விட்டேன். இடைவேளை சிலைடு, டிக்கெட் பெட்டி, இருக்கை எண் தகடு, எதுவானாலும் காயலான் கடை தருவதைப் போல மூன்று மடங்கு தருகிறோம். வண்டிக் கூலியும் எங்களுடையது. வாசலில் ஓர் அட்டையில் எழுதி மாட்டினால் போதும். ஒரு வாரம், தயவுசெய்து.

‘நிறைந்தது’ என்று எழுதிய கோழிக்கூண்டு யார் கண்ணிலாவது பட்டால் சொல்லுங்கள். கோழிகளுக்குப் புதுத் தகரம் நானே வாங்கித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஆபரேட்டரின் மகன்,
தண்டையார்பேட்டை