கண்ணை மூடிப் பார்த்த கொழுந்து

ஹட்டன்
பெப்ரவரி 16

அன்பு நண்பா,

கிளிநொச்சியிலிருந்து நீ எழுதிய கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. ஏழாம் ஆண்டுப் பிள்ளைகளை வருணித்து எழுதப் பழக்குவதில் நீ படும் சிரமம் எனக்கும் புதிதல்ல. "எங்கள் மலை" என்று தலைப்புக் கொடுத்து நாற்பது கொப்பிகளைத் திருத்தினேன். அநேகமாக எல்லாமே "பச்சைக் கம்பளம் விரித்தாற்போல" என்றே தொடங்கின. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களின் வாசலிலேயே தேயிலை நிற்கிறது, ஆனால் அந்தப் பிள்ளைகளில் எவரும் பச்சைக் கம்பளத்தை ஒருநாளும் கண்டதில்லை.

சொல்வளம் போதவில்லை என்று நீ எழுதியிருந்தாய். கண்ணை மட்டுமே நம்புவதுதான் குறை என்பது என் எண்ணம். கண் தூரத்தில் நின்றே "தெரிந்துவிட்டது" என்று சொல்லிவிடுகிறது. மற்றப் புலன்களுக்கு நாம் பொருளை நெருங்கியாக வேண்டும். தொல்காப்பியர் உயிர்களை அறிவால் வகுத்தபோது தொடுவுணர்வை முதலிலும், பிறகு நாக்கு, மூக்கு, கண், செவி என்றும் வைத்தார். நானும் தொடுவதிலிருந்தே தொடங்கப் பார்த்தேன்.

அதற்கு வழிகாட்டியது அம்மாதான். முப்பது வருடம் கொழுந்து பறித்தவருக்கு இப்போது பார்வை அநேகமாக இல்லை. ஒரு மாலை, மலையிலிருந்து கொண்டுவந்த ஒரு பிடிக் கொழுந்தை அவர் மடியில் வைத்தேன். அரும்பைத் தடவினார், அதன் மெல்லிய ரோமத்தில் விரல் சற்று நின்றது. இரண்டாம் இலைக்குக் கீழே காம்பை மடித்தார். "ஒடியலையே, நாரு இழுக்குது. ரவுண்டு பிந்திருச்சு போல" என்றார். உண்மைதான், ஏழு நாளில் பறித்திருக்க வேண்டிய மலையைப் பன்னிரண்டாம் நாள்தான் பறித்திருந்தார்கள். நான் அந்தக் கொழுந்தைப் பார்த்துக்கொண்டேதான் நடந்து வந்தேன், எனக்கு எதுவும் தெரியவில்லை.

மறுவாரம் பிள்ளைகளை ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, கூட்டிப்போனேன். வாடிய கொழுந்தை அள்ளி இறுக்கிப் பிடித்து விடச் சொன்னார், அங்கே தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர். உருண்டை உடனே சிதறாமல், தூக்கம் கலைவதுபோல் மெல்ல மெல்ல விரிந்தது. அரைத்த இலை பச்சை மாறிச் செப்பு நிறம் கொள்ளும் இடத்தில் அவர் குனிந்து முகர்ந்தார். புல் வெட்டிய பச்சை வாடை போய்ப் பழ வாசம் எழும் கணத்தைத் தவறவிட்டால் அன்றைய தூள் கெட்டுவிடும் என்றார். ஒரு சிறுமி, "பழுக்கப்போட்ட கொய்யாப்பழச் சாக்கு" என்று எழுதினாள். அந்த வரிக்காகவே அவளுக்கு முழுப் புள்ளியும் கொடுத்தேன்.

நாக்கைப் பற்றியும் கேட்டிருந்தாய். அது எளிதில் ஏமாறும் புலன். தேயிலை சுவைப்பவர்கள் 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் தூள், 6 நிமிடம் என்று அளந்தே ஊற்றுவார்கள். 1980இல் வந்த சர்வதேச நியமமும் அதுவே. பின்னர் கரண்டியிலிருந்து சத்தம் எழ உறிஞ்சுவது, தேத்தண்ணிச் சாயம் வாயெங்கும் தெறித்து மணம் உள்வழியாக மூக்குக்கு ஏறுவதற்காக. மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு மிடறு இஞ்சித் தேத்தண்ணி குடிக்கச் சொல்லிப் பார். உறைப்பும் இனிப்பும் நிற்கும், இஞ்சியின் மணம் போய்விடும்.

ஒன்று மட்டும் செய்யாதே: ஐந்து புலனுக்கு ஐந்து வாக்கியம் என்று கட்டம் போட்டுக் கொடுக்காதே. நான் கொடுத்தேன், கம்பளத்துக்குப் பதிலாகக் குயிலோசையும் மல்லிகை மணமும் வந்தன. மூடுபனியில் மழை வருவதைச் செவிதான் அறியும், முதலில் சவுக்கு மரங்களில், பிறகு கீழ் லயத்துத் தகரத்தில். அங்கே மற்ற நான்கு புலன்களையும் வலிந்து இழுக்க வேண்டியதில்லை.

அம்மா உன்னை மிகவும் விசாரித்தார். உன் கடிதத்தை வாங்கி முகர்ந்துவிட்டு, "நெல்லு அவிக்கிற வீட்டுக் கடுதாசி" என்றார். அன்று உன் வீட்டில் நெல் அவித்தார்களா என்று மறக்காமல் எழுது. அவர் தினமும் கேட்கிறார்.

என்றும் அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்