விசாரிக்காமல் ஆலோசனை வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த இதழின் மனநலக் கேள்வி-பதில் பகுதியில் ஒரு வாசகி தன் குறைகளைச் சொல்லியிருந்தார். இரவில் தூக்கம் பிடிக்கவில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது, நெஞ்சு படபடக்கிறது, எந்த வேலையிலும் கை ஓடவில்லை என்று எழுதியிருந்தார். தியானம் பழகுங்கள், நல்லதையே நினையுங்கள், பிள்ளைகளோடு சிரித்துப் பேசுங்கள் என்று பதில் வந்திருந்தது. பதில் எழுதியவரின் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தப் பெண்ணிடம் ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லையே என்று மிகவும் வருந்தினேன்.

அம்பாசமுத்திரம், முக்கூடல், ஆலங்குளம் வட்டாரங்களில் பல ஆண்டுகளாகக் குடும்ப நல ஆலோசகராக வேலை செய்பவள் நான். எங்கள் பக்கம் இப்போது பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் ஆலோசனை மையங்கள் பெருகிவிட்டன. பாளையங்கோட்டையில் தெருவுக்குத் தெரு பலகை தொங்குகிறது. வந்து உட்கார்ந்த பத்தாவது நிமிடத்திலேயே அறிவுரை தொடங்கிவிடுகிறது. வந்தவருக்கு என்ன நேர்ந்திருக்கிறது, என்ன ஆபத்து இருக்கிறது, இது ஆலோசகர் கையாளக்கூடிய காரியம்தானா என்று முதல் ஓரிரு அமர்வுகள் முழுக்க விசாரித்து மதிப்பிட வேண்டும். அதற்கு முன் தொடங்கும் ஆலோசனையால் நன்மை நடந்தால் அது தற்செயல்.

அந்த வாசகியின் குறைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். தைராய்டு சுரப்பு குறைந்தால் சோர்வும் மறதியும் எதிலும் பிடிப்பில்லாத மனநிலையும் வரும். கூடினால் படபடப்பும் தூக்கமின்மையும் வரும். ரத்தசோகையிலும் பி12 குறைபாட்டிலும் உடம்பு ஓய்ந்து மனமும் ஓய்ந்துவிடும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருப்பதை 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வு காட்டியது. விடிந்ததிலிருந்து பீடித் தட்டை மடியில் வைத்துக் குனிந்த கழுத்தோடு உட்கார்ந்திருக்கும் எங்கள் ஊர்ப் பெண்கள் "மேலெல்லாம் எரிகிறது, தலை பாரமாக இருக்கிறது" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். அது உடம்பின் நோயாகவும் இருக்கலாம், மனத்தின் துயரமாகவும் இருக்கலாம், இரண்டுமாகவும் இருக்கலாம். முதலில் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ரத்த அளவைப் பார்த்துவிடலாம்.

அடுத்தது வீட்டு நிலவரம். கடன் இருக்கிறதா என்று நான் எல்லோரிடமும் கேட்பேன். குழுக் கடன் வசூலுக்கு செவ்வாய்க்கிழமை காலையில் வாசலில் ஆள் வந்து நிற்பார் என்பதால் திங்கள் இரவெல்லாம் விழித்துக் கிடக்கும் பெண்களை நான் பார்க்கிறேன். கந்துவட்டி கழுத்தை நெரிக்கும் வீட்டில் மூச்சுப் பயிற்சி மட்டும் என்ன செய்துவிடும்? அதீத வட்டி வசூலைத் தடை செய்யும் சட்டம் இந்த மாநிலத்தில் 2003 முதல் இருக்கிறது. திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கிறது. சிலருக்கு முதல் சிகிச்சை அங்கே கொடுக்கும் ஒரு மனுவாகத்தான் இருக்க முடியும்.

கணவன் அடிக்கிறானா என்ற கேள்வியைத் தனியறையில்தான் கேட்க வேண்டும். மாமியாரும் கணவரும் அருகில் உட்கார்ந்திருக்க, "வீட்டில் எல்லாம் நல்லபடியாக இருக்கிறதா?" என்று கேட்டால் எந்தப் பெண் உண்மையைச் சொல்வாள்? தம்பதியரைச் சேர்த்து உட்கார வைப்பதற்கு முன் இருவரையும் தனித்தனியே பார்க்காத ஆலோசகர், அவள் சொன்ன ஒரு சொல்லுக்காக அன்று இரவு அவளை அடி வாங்க வைக்கிறார். இதை நான் கடுமையாகவே சொல்கிறேன்.

மனச்சோர்வை அளக்க 2001இல் வெளியான ஒன்பது கேள்வி வினாத்தாள் ஒன்று உண்டு. பி.எச்.கியூ-9 என்பார்கள். தமிழிலும் கிடைக்கிறது, கட்டணம் இல்லை. கடந்த 2 வாரங்களில் தூக்கம், பசி, ஆர்வம், சோர்வு எப்படி இருந்தன என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் இடுவார்கள். மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் கூடுதலாக ஆராய வேண்டும் என்பது பொது வழக்கம். சில மையங்களில் இந்தத் தாளை நீட்டி, கூட்டிப் பார்த்து, "உங்களுக்கு மனச்சோர்வு" என்று அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். அது தவறு. எங்கே தோண்ட வேண்டும் என்பதை மட்டும்தான் அந்தத் தாள் காட்டும். படிக்கத் தெரியாதவர்களுக்கு நான் வாசித்துக் காட்டுவேன். ஒவ்வொரு கேள்விக்கும் அவர்கள் நிறுத்தி நிறுத்திச் சொல்லும் பதில், மதிப்பெண்ணைவிட அதிகம் சொல்லும்.

அந்தத் தாளின் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் நல்லது என்றோ தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ எண்ணம் வந்ததா என்பது. மொத்த மதிப்பெண் எவ்வளவு குறைவாக இருந்தாலும் இந்தக் கேள்விக்குப் பூஜ்யத்தைத் தவிர வேறு எது வந்தாலும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பேச வேண்டும். கேட்டால் இல்லாத எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ என்று பல ஆசிரியர்களும் ஆலோசகர்களும் அஞ்சுகிறார்கள். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாவதில்லை என்று உலக சுகாதார நிறுவனமே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஒருவர் கேட்டுவிட்டாரே என்ற ஆறுதலில் உடைந்து அழுதவர்களைத்தான் நான் கண்டிருக்கிறேன். எண்ணம் எவ்வளவு நாளாக இருக்கிறது, முன்பு முயன்றதுண்டா, திட்டம் ஏதும் இருக்கிறதா, வீட்டில் இன்று துணைக்கு யார் இருப்பார்கள் என்று கேட்க வேண்டும். தாமிரபரணிப் பாசனத்தில் நெல்லும் வாழையும் விளைகிற ஊர்களில் வீட்டுக்கு வீடு பூச்சிமருந்து கிடக்கும். அதை வேறொருவர் பொறுப்பில் பூட்டி வைக்கச் செய்யாமல் அந்த மனிதரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

குடிப்பவர்கள் விஷயத்தில் நடக்கும் அவசரம் என்னைப் பதற வைக்கிறது. எவ்வளவு குடிக்கிறார், காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறதா, முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா என்று விசாரிக்காமலே "இன்றோடு விட்டுவிடுவேன் என்று பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்" என்கிறார்கள். தினமும் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் 2, 3 நாட்களில் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம், உயிரே போகலாம். அவருக்கு மருத்துவமனைப் படுக்கை முதலில், சத்தியம் பிறகு. உலக சுகாதார நிறுவனம் வகுத்த ஆடிட் என்ற பத்துக் கேள்வி வினாத்தாளை வைத்துக் குடியின் அளவை எளிதாக மதிப்பிடலாம்.

வருகிறவர்கள் எங்கெங்கே போய்விட்டு வருகிறார்கள் என்பதும் மதிப்பீட்டின் பகுதிதான். சங்கரன்கோவிலில் கோமதி அம்மன் சந்நிதிக்கு முன்னே மனநிலை சரியில்லாதவர்களை உட்கார வைத்து வேண்டிக்கொள்ளும் வழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது. புற்று மண்ணையும் பிரசாதமாக வாங்கி வருவார்கள். அதைக் கேலி செய்யும் ஆலோசகரிடம் அந்தக் குடும்பம் அடுத்த முறை வராது. எப்போது போனீர்கள், போகும்போது அவர் எப்படி இருந்தார் என்று மரியாதையோடு கேட்டுப் பாருங்கள். நோய் எந்த மாதம் தொடங்கியது, காதில் குரல் கேட்டதா, தூங்காமலே ஓயாமல் பேசித் திரிந்த நாட்கள் உண்டா என்பதெல்லாம் அந்தப் பேச்சிலேயே வந்துவிடும்.

பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. பள்ளிக்குப் போக மறுக்கும் பையனைச் சோம்பேறி என்று எழுதிக் கொடுத்து ஆலோசனைக்கு அனுப்புகிறார்கள். கரும்பலகை கண்ணுக்குத் தெரிகிறதா, எழுத்துக்கூட்டிப் படிக்க முடிகிறதா, வீட்டில் இரவில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். எங்கள் மாவட்டத்தில் இன்னொன்றையும் கட்டாயம் கேட்க வேண்டும். பஸ்ஸிலும் வகுப்பிலும் சாதி சொல்லி யாராவது அவமானப்படுத்துகிறார்களா என்பதுதான் அது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவன் சக மாணவர்களால் வீட்டுக்குள்ளேயே வெட்டப்பட்டான். அதற்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, மாணவர்கள் கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடுக்க வேண்டும் என்று 2024இல் பரிந்துரைத்தது. அந்தக் கயிற்றைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லாத மதிப்பீட்டுப் படிவம் நெல்லைச் சீமையில் எதற்குப் பயன்படும்? பிள்ளையிடம் பேசத் தொடங்கும் முன், பாலியல் கொடுமை பற்றித் தெரியவந்தால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல் துறைக்குச் சொல்லியாக வேண்டும் என்பதையும் அவனுக்குப் புரியும்படி சொல்லிவிட வேண்டும். எல்லாம் ரகசியம் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு மீறினால் அந்தப் பிள்ளை இனி எந்தப் பெரியவரையும் நம்பாது.

விசாரித்து முடித்தபின், "இது என் கைக்கு மீறியது, மனநல மருத்துவரைப் பாருங்கள்" என்று சொல்ல நேர்ந்தால் அதில் ஆலோசகருக்கு இழுக்கில்லை. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டமும் இருக்கிறது.

உங்கள் இதழுக்குச் சில வேண்டுகோள்கள். கேள்வி-பதில் பகுதிக்கு எழுதுகிறவர்கள் வயது, உடல்நிலை, உட்கொள்ளும் மருந்து, எவ்வளவு காலமாகத் தொல்லை, தற்கொலை எண்ணம் உண்டா என்ற விவரங்களைச் சேர்த்து எழுதும்படி ஒரு சிறு படிவம் வெளியிடுங்கள். விவரம் போதாதபோது அறிவுரை எழுதாமல், நேரில் பார்த்து விசாரிக்கக்கூடிய இடத்தைச் சொல்லுங்கள். மேலும், 24 மணி நேரமும் தமிழில் பேசக்கூடிய டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416ஐ அந்தப் பக்கத்தின் அடியில் ஒவ்வொரு இதழிலும் அச்சிடுங்கள். கடந்த இதழில் எழுதிய வாசகியின் முகவரி உங்களிடம் இருந்தால், இந்த எண்ணை அவருக்கு இந்த வாரமே தபாலில் அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
குடும்ப நல ஆலோசகர் ஒருவர்,
அம்பாசமுத்திரம் வட்டாரம்